உண்ண மறுத்த விருந்தாளி

பங்குக் குருவிடம் மக்கள் ஒப்படைத்துச் செல்லும் பொருள்கள் பலவகைப்பட்டவை. வெளியூர் செல்வோர் வீட்டுச் சாவியை ஒப்படைப்பர். மகளின் திருமணத்துக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்ததை ஒப்படைப்போர் உண்டு. அண்ணன் தம்பி வழக்கில் இரு தரப்பாரும் தத்தம் பத்திரங்களைக் கொணர்ந்து வைப்பதும் உண்டு. பாவங்களையும் ஒப்படைக்கின்றனர், அவற்றை மட்டும் எவரும் திரும்பக் கேட்பதில்லை. குருத்துவ வாழ்வில் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்துவிட்ட நாம், இவை யாவற்றுக்கும் பழகியிருந்தோம். ஆனால், உயிருள்ள மீன் ஒன்றை நம் கையில் ஒப்படைத்தவர் சென்ற ஆண்டு நவம்பர் மாதம் வரையில் எவரும் இலர்.

கல்லறைத் திருநாள் கழிந்த மறுநாள் மாலை, பங்கு இல்லத்தின் வாசலில் நம் பீடச் சிறுவன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். வயது ஒன்பது. இரு கைகளாலும் ஒரு கண்ணாடிக் குடுவையை நெஞ்சோடு அணைத்திருந்தான். அவனுடைய தாய்க்கு இதய வால்வில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமென்று மருத்துவர்கள் கூறியிருந்ததை நாம் அறிவோம். அன்றிரவே தாயும் தந்தையும் சென்னைக்குப் புறப்படுகின்றனர். சிறுவன் அங்கே தன் அத்தை வீட்டில் தங்கப்போகிறான். குடுவைக்குள் நீலமும் செம்மையும் கலந்த சிறு மீன் ஒன்று, பட்டுச் சேலையின் முந்தானை போன்ற தன் வாலை விரித்து அசைத்துக்கொண்டிருந்தது.

“சாமி, இவன் பேர் ராஜா. காலையில் மூணு மணி, சாயந்திரம் மூணு மணி. அதுக்கு மேல கொடுக்காதீங்க” என்றான்.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மீனுக்கு உணவூட்ட வேண்டுமோ என்று நாம் திகைத்தோம். சிறுவன் தன் சட்டைப் பையிலிருந்து கடுகினும் சிறிய தீவனமணிகள் அடங்கிய புட்டியை எடுத்து நீட்டிய பிறகே பொருள் விளங்கிற்று. மணிக்கணக்கன்று; மணிகளின் கணக்கு.

கடைகளில் ‘ஃபைட்டர்’ என்று கேட்டால் தருவார்களே, அந்தச் சண்டை மீன்தான் இது. தாய்லாந்தும் அதனைச் சூழ்ந்த நாடுகளும் இதன் தாயகம். வயல்வெளிகளிலும் சதுப்பு நிலங்களிலும் ஆழமற்ற தேங்கிய நீரில் வாழும் இனம். தாய்லாந்து மக்கள் இதனைக் ‘கடிக்கும் மீன்’ என்னும் பொருளில் ‘பிளா கட்’ என்றழைக்கின்றனர். 2019-ஆம் ஆண்டில் தங்கள் நாட்டின் தேசிய நீர்வாழ் உயிரினமாகவும் அறிவித்தனர். ‘பெட்டா ஸ்ப்ளென்டென்ஸ்’ என்னும் அறிவியல் பெயரை 1910-ஆம் ஆண்டில் இதற்குச் சூட்டியவர் சார்லஸ் டேட் ரீகன் என்னும் ஆங்கிலேய அறிஞர். ‘ஸ்ப்ளென்டென்ஸ்’ என்பது ஒளிர்வது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். குருமடத்தில் கற்ற இலத்தீன் ஒரு மீனின் பெயரை விளங்கிக்கொள்ளவும் உதவிற்று.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், எழுது மேசையின்மேல் வைத்திருந்த குடுவையில் மூன்று மணிகளை இட்டோம். ராஜா அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. மாலையிலும் மூன்று மணிகள். அவையும் நீரில் ஊறி அடியில் தங்கின. இரிமினி நகரில் பதுவைப் பதியரான புனித அந்தோனியார் மறையுரை நிகழ்த்தியபோது, மீன்களெல்லாம் நீருக்கு மேலே தலை நீட்டிக் கேட்டன என்பது மரபு. நம் சொல்லுக்கோ ஒரே ஒரு மீன் கூடச் செவி சாய்க்கவில்லை. இதனை வேடிக்கையாக எண்ணிச் சிரித்துவிட்டு, நிதிக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தோம்.

அவ்வேளையில் தொலைபேசி ஒலித்தது. சென்னையிலிருந்து சிறுவன் பேசினான்.

“சாமி, ராஜா சாப்பிட்டானா?”

“சாப்பிட்டான், சாப்பிட்டான்” என்றோம்.

கணக்கிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்ன சொல் அது. ஒரு குழந்தையின் நெஞ்சைத் தேற்றுவதற்காக என்று பின்னர் நமக்கு நாமே கூறிக்கொண்டோம். உண்மை அதுவன்று, பேச்சை விரைவில் முடித்துவிட வேண்டுமென்றே அவ்வாறு சொன்னோம்.

இரண்டாம் நாள் காலையிலும் மணிகள் அப்படியே கிடந்தன. நீர் கலங்கிச் சற்றே நாற்றம் வீசிற்று. நீரை மாற்றினால் பசி எடுக்கும் என்று நாமே தீர்மானித்து, குழாயைத் திறந்து குடுவை நிறையப் புதுநீர் பிடித்து, மீனை அதில் விட்டோம். கால் மணி நேரத்தில் ராஜா குடுவையின் அடியில் சாய்ந்து படுத்துவிட்டான். மேலே வந்து ஒருமுறை காற்றை விழுங்குவான். மீண்டும் அடியில் போய்ப் படுப்பான்.

அன்று மாலை பேசியவர் சிறுவனின் அத்தை. “சாமி, இங்கே வந்ததிலிருந்து பிள்ளை சாப்பாட்டைத் தொடவே இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்ததிலிருந்து தண்ணீரும் காபியும்தான். நேற்று ராஜா சாப்பிட்டான் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் இரண்டு இட்லி தின்றான். ‘அவன் தின்றால் நானும் தின்பேன்’ என்கிறான். இன்றைக்கு என்ன சொல்கிறீர்கள்?” என்றார்.

நாம் குடுவையைப் பார்த்தோம். அடியில் சாய்ந்திருந்த ராஜாவின் செவுள்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. “இன்றும் சாப்பிட்டான் என்று சொல்லுங்கள் அம்மா” என்றோம்.

முந்தைய நாள் சொன்னது கவனமின்மையால் வந்த பொய். இது அறிந்தே சொன்னது. குருமடத்தில் ஒழுக்கநெறி இறையியல் வகுப்பில், புனித அகுஸ்தினார் பொய்யை எட்டு வகையாகப் பிரித்து ஆராய்ந்ததை நாம் கற்றோம். பிறர் நலம் கருதிச் சொல்லும் பொய்யையும் அவர் அனுமதிக்கவில்லை. தேர்வில் அந்த எட்டையும் வரிசை பிறழாமல் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றோம். அன்றிரவோ, செபமாலையைக் கையில் எடுத்தால் மீன்தான் கண்முன் வந்து நின்றது. சென்னையில் ஒரு குழந்தை உண்பது நம் மேசைமேல் ஒரு மீன் உண்பதைப் பொறுத்திருக்கிறது. அந்த மீனோ உண்ணவில்லை. சொன்ன பொய்யைத் திரும்பப் பெற்றால் குழந்தை பட்டினி கிடப்பான். பெறாவிட்டால் நாள்தோறும் ஒரு பொய் சொல்ல வேண்டும். மீன் இறந்தேவிட்டால் என்ன சொல்வது? மீதியிருந்த வழி ஒன்றே: சொன்னதை மெய்யாக்குவது.

மூன்றாம் நாள் நகரத்துக்குச் சென்று, சென்னைக் கொளத்தூரிலிருந்து வண்ணமீன்களைத் தருவித்து விற்கும் ஒரு கடைக்காரரைக் கண்டோம். அவர் நம் சமயத்தைச் சார்ந்தவரல்லர். நாம் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேள்விமேல் கேள்வி கேட்டார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறரைக் கேள்வி கேட்டே பழகிய நமக்கு, அன்று மறுபக்கத்தில் நிற்க நேர்ந்தது.

“எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்?” குழாய் நீர் என்றோம். பஞ்சாயத்துத் தொட்டியில் பிளீச்சிங் தூள் கலந்த நீரை அப்படியே ஊற்றினால், அதிலுள்ள குளோரின் மீனின் செவுள்களை எரிக்கும். ஒரு நாளாவது திறந்த பாத்திரத்தில் வைத்திருந்த பிறகே ஊற்ற வேண்டும். அதிலும் முழு நீரையும் ஒரேயடியாக மாற்றக்கூடாது என்றார்.

“எங்கே வைத்திருக்கிறீர்கள்?” சன்னலோரம் என்றோம். ஐப்பசி மழையின் ஈரக்காற்று வீசும் சன்னல் அது. இந்த மீன் வெப்பநாட்டு உயிர்; நீர் 25 முதல் 28 பாகை வரை இருந்தால்தான் அதன் உடல் இயங்கும், பசியும் எடுக்கும். குளிர்ந்த நீரில் உண்டாலும் செரிக்காது.

“எதிரே என்ன இருக்கிறது?” சற்று யோசித்து, கண்ணாடிக் கதவிட்ட புத்தக அலமாரி என்றோம். அவர் சிரித்தார். “அப்படியானால் அவன் இரவு பகலாக ஒரு எதிரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்” என்றார். ஆண் சண்டை மீன் தன் இனத்து ஆண் மற்றொன்றைக் கண்டால் செவுள் மூடிகளை விரித்து, துடுப்புகளை உயர்த்திப் போருக்கு நிற்கும். தன் நிழலுருவைக் கண்டாலும் அவ்வாறே செய்யும். முதல் நாள் அவன் வாலை விரித்து ஆடியதை அழகென்று நாம் இரசித்தோமே, அது ஆட்டமன்று, அச்சமும் சினமும். தன் உருவத்தோடு தானே போரிடுகிறவனுக்குப் பசி எப்படி எடுக்கும்?

உணவைப் பற்றியும் கற்றுத் தந்தார். இதன் வாய் மேல்நோக்கி அமைந்தது. நீரின் மேற்பரப்பில் விழும் பூச்சிகளையும் கொசுப்புழுக்களையும் பிடித்துண்ணப் படைக்கப்பட்ட வாய் அது. ஆகவே அடியில் தங்கிய உணவைப் பெரும்பாலும் நாடாது. செவுளோடு கூடக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் தலையில் உண்டு. அதனால்தான் அடிக்கடி மேலே வருகிறது. வயிற்றின் அளவு ஏறக்குறைய அதன் கண்ணின் அளவே என்பது வளர்ப்போர் வழங்கும் கணக்கு. மூன்று மணிகள் என்று சிறுவன் வரையறுத்ததன் காரணம் அதுவே. மிகுதியாக இட்டால் வயிறு உப்பும். உண்ணாது விட்டது அழுகி நீரை நஞ்சாக்கும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவதும் நல்லது என்றார். திருச்சபையின் பிள்ளையாய் இல்லாவிடினும், ராஜாவுக்கும் ஒருசந்தி உண்டென்று அறிந்து வியந்தோம்.

“நலமான மீன் சில நாள்கள் உணவில்லாமல் தாங்கும். பயப்படாதீர்கள். ஆனால் இன்றே இடத்தை மாற்றுங்கள்” என்று கூறி, இருபது லிட்டர் கொள்ளும் பழைய தொட்டி ஒன்றையும், நீரை வெதுவெதுப்பாக்கும் சிறு கருவியையும் இரவலாகக் கொடுத்தார். மீன் துள்ளி வெளியே விழாதிருக்க ஒரு மூடியும் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

குளோரின் போகத் திறந்து வைத்த நீரைக் கொண்டு தொட்டியை நிரப்பி, சுவரோரம் நிழலில் அமைத்தோம். அன்று மாலை சிறுவன் கேட்டபோது, மூன்றாம் முறை பொய் சொல்ல நா எழவில்லை. “ராஜாவுக்குப் புது வீடு வந்திருக்கிறது” என்று தொட்டியைப் பற்றியே பேசிப் பேச்சை மாற்றினோம். அதுவும் நேர்மையன்று என்பதை அறிந்தே இருந்தோம்.

நான்காம் நாள் ராஜா நிமிர்ந்து நீந்தத் தொடங்கினான். கடையிலிருந்து வாங்கி வந்த, உறைந்த இரத்தப் புழுவில் ஒன்றை உருக்கிப் பல்குத்தும் குச்சியின் நுனியில் நீட்டினோம். வாயில் வாங்கினான், நம் உள்ளம் துள்ளிற்று. உடனே துப்பிவிட்டான். மீண்டும் நீட்டினோம், மீண்டும் துப்பினான்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை, “சாமி, கல்லறைத் தோட்டத்தில் பூச்சாடிகளில் மழைத் தண்ணீர் நிற்கிறது. புழு நெளிகிறது” என்றார். ஐந்தாம் நாள் காலை இருவரும் சென்றோம். திருநாளன்று மக்கள் தம் இறந்தோருக்காக வைத்த சாமந்திப் பூக்கள் வாடிக் கறுத்திருந்தன. சாடிகளின் நீரில் கொசுப்புழுக்கள் துடித்து மேலெழுந்தும் இறங்கியும் திரிந்தன. தேநீர் வடிகட்டியால் சிலவற்றை அள்ளி, நல்ல நீரில் அலசிக் கொணர்ந்தோம்.

ஒரே ஒரு புழுவைத் தொட்டியில் விட்டோம். ராஜா அசையாமல் நின்றான். புழு நெளிந்து மேலே வந்தது. அவன் உடலை வில்லாய் வளைத்தான், ஒரு பாய்ச்சல், புழுவைக் காணோம். இரண்டாவதை விட்டோம், அதனையும் உண்டான். அதற்கு மேல் கொடுக்கவில்லை. ஐம்பது வயதைக் கடந்த இரு ஆடவர், ஒரு மீன் இரண்டு புழுக்களைத் தின்றதற்காகக் கைகொட்டி மகிழ்ந்தோம் என்பதை வெட்கமின்றி எழுதுகின்றோம்.

மாலையில் தொலைபேசிக்காகக் காத்திருந்தோம். மணி ஒலித்ததும் சிறுவன் கேட்பதற்கு முன்பே, “ராஜா சாப்பிட்டான்! இரண்டு சாப்பிட்டான்!” என்றோம்.

மறுமுனையில் சிறிது மௌனம். “தினமும்தானே சாமி சாப்பிடறான்? இன்னிக்கு மட்டும் ஏன் இவ்வளவு சந்தோஷம்?” என்றான்.

நாம் விடையற்று நின்றோம்.

அந்த வாரத்திலேயே டெங்குக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து, கல்லறையில் நீர் தேங்க விட்டதற்காக நம்மைக் கடிந்துகொண்டனர். அவர்கள் கடிந்தது முறையே. சாடிகள் யாவும் கவிழ்க்கப்பட்டன. ராஜாவின் விருந்தும் அத்தோடு முடிந்தது. இனித் தீவனமணிக்கு அவனைப் பழக்கியே ஆகவேண்டும். நாள்தோறும் அதே நேரத்தில், அதே மூலையில், தொட்டியின் விளிம்பை ஒருமுறை மெல்லத் தட்டிவிட்டு ஒரே ஒரு மணியை மேற்பரப்பில் இட்டோம். ஐந்து நிமிடம் அருகில் அமர்ந்திருப்போம். உண்ணாவிட்டால் மணியை எடுத்துவிட்டு, சினமின்றி எழுந்துவிடுவோம். மாலையில் மட்டும், மீதியிருந்த இரத்தப் புழுவில் சிறு துண்டு. அதனைத் துப்பும் பழக்கமும் மெல்ல மாறிற்று. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, விளிம்பைத் தட்டியதும் மூலைக்கு ஓடிவந்து மணியை விழுங்கினான். நம் விரலை அடையாளம் கண்டுகொண்டவன் போல் மறுபடியும் மேல்நோக்கிப் பார்த்தான்.

அந்த ஐந்து நிமிடக் காத்திருப்புகளில் நம் தாயாரின் நினைவு பலமுறை வந்தது. அவர் உயிரோடிருந்த கடைசி ஆண்டில் உணவை ஒதுக்கத் தொடங்கினார். நாம் மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குச் செல்வோம். “ஏன் சாப்பிட மறுக்கிறீர்கள்? பிடிவாதம் கூடாது” என்று கண்டிப்போம். அவர் தலையசைத்து, நமக்காக இரண்டு கவளம் விழுங்குவார். வேலை முடிந்ததென்று நாம் பேருந்து ஏறுவோம். அவருடைய பொய்ப்பற்கள் தளர்ந்து, ஈறு முழுவதும் புண்ணாகியிருந்ததைப் பல மாதங்கள் கழித்து நம் தங்கைதான் கண்டுபிடித்தார். மகன் குருவானவர், அவரிடம் போய் இதையெல்லாம் சொல்வதா என்று தாயார் மறைத்திருந்தார். அந்த மீன் கடைக்காரர் நம்மிடம் கேட்டதைப் போன்று மூன்று கேள்விகளை நாம் நம் தாயிடம் கேட்டிருந்தால், அந்தக் கவளங்கள் அவருக்கு அவ்வளவு நோகாமல் இறங்கியிருக்கும்.

எலியா இறைவாக்கினர் சாவை வேண்டிச் செடியின் அடியில் படுத்துக்கிடந்தபோது, வானதூதர் அவருக்கு அறிவுரை ஏதும் கூறவில்லை. சுட்ட அப்பத்தையும் நீரையும் தலைமாட்டில் வைத்துத் தட்டியெழுப்பினார். அவர் சிறிது உண்டு மறுபடியும் உறங்கிவிட்டபோதும் வானதூதர் சினக்கவில்லை. இரண்டாம் முறையும் வந்தார். யாயிரின் மகளை உயிர்ப்பித்த நம் ஆண்டவரும், வியந்து நின்ற பெற்றோரிடம் முதலில் கூறியவற்றுள் ஒன்று, சிறுமிக்கு உண்ணக் கொடுங்கள் என்பதே. இப்பகுதிகளைக் கொண்டு நாம் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். அப்பத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் காத்திருப்பது எத்தகைய வேலை என்பதை இப்போதுதான் அறிந்தோம்.

அறுவை சிகிச்சை இறையருளால் நல்லபடியாக முடிந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சில நாள்கள் இருக்கையில் குடும்பம் ஊர் திரும்பிற்று. சிறுவன் பேருந்திலிருந்து இறங்கி நேரே பங்கு இல்லத்துக்கு ஓடிவந்தான். தொட்டியின் ஒரு மூலையில் நீர்மேல் வெண்ணுரை படர்ந்திருந்தது. ஆண் மீன் தன் வாயால் குமிழி குமிழியாக ஊதிக் கட்டும் கூடு அது. முட்டைகளை அதில் வைத்துத் தந்தையே காவல் நிற்கும். அந்நாள்களில் உணவையும் பெரும்பாலும் நாடாது. இணையில்லாமலிருந்தும் ராஜா கூடு கட்டியிருந்தான். சிறுவன் அதைக் கண்டு பூரித்துப்போனான்.

அவனை அருகில் அமர்த்தி, “தம்பி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாளும் இரண்டாம் நாளும் ராஜா சாப்பிடவில்லை. சாப்பிட்டான் என்று உன்னிடம் பொய் சொன்னோம். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சாப்பிடவில்லை. அதையும் உன்னிடம் மறைத்தோம். அது தவறு. எங்களை மன்னித்துக்கொள்” என்றோம்.

அவன் நெடுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அப்போ அந்த நாளெல்லாம் நான் மட்டும்தான் சாப்பிட்டேனா சாமி?” என்றான்.

“ஆம்” என்றோம்.

“அவன் பாவம்” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து தீவனப் புட்டியை எடுத்து, மூன்று மணிகளை எண்ணி, இரண்டை மட்டும் நீரில் இட்டான். மூன்றாவதை நம் உள்ளங்கையில் வைத்து, “நீங்க போடுங்க சாமி” என்றான்.

அன்பான பெற்றோரே, இல்லத்தில் உண்ண மறுக்கும் குழந்தையோ, முதியவரோ, நோயாளரோ உங்களுக்கு இருக்கக்கூடும். பிடிவாதம் என்று பெயரிடுமுன், நீர் எப்படியிருக்கிறது, குளிர் அடிக்கிறதா, எதிரே எந்த உருவம் நின்று அச்சுறுத்துகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் அருகில் அமருங்கள். அவர்களைத் தேற்றுவதற்காகக் கூடப் பொய் சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டால், அது எத்துணைப் பாரம் என்பதை எம்மிடம் கேளுங்கள்.

தொட்டியையும் கருவியையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கச் சென்றோம். தொட்டியைச் சிறுவனுக்கே கொடுத்துவிடச் சொன்னார். இப்போது பங்கு இல்லத்தின் மேசை வெறுமையாய் இருக்கிறது. காலைத் திருப்பலி முடிந்து வந்து அமர்ந்ததும், பழக்கத்தால் விரல் மேசை விளிம்பை ஒருமுறை மெல்லத் தட்டுகிறது.